இடக்கைக்காரிக்கு ஒரு பூவரசு ஸ்டாக்

என் மகள் இடக்கைக்காரி. எழுதுவது, பந்து எறிவது, ஒரு கண்ணை மூடிக் குறிபார்ப்பது எல்லாமே இடது பக்கம். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பழகப் போனபோது பாளையங்கோட்டையில் அவள் கைக்கு வந்த துப்பாக்கிகள் எல்லாம் வலக்கைக்காரர்களுக்கானவை. கன்னம் பதியும் மேடு இடப்பக்கம் இருக்கும். அவளுக்கு அது வலப்பக்கம் வேண்டும். பிடியின் வளைவும் எதிர்த்திசை. கழுத்தைச் சாய்த்து, தோளைத் தூக்கி, எப்படியோ சமாளித்துச் சுட்டுக்கொண்டிருந்தாள். பயிற்சி முடிந்து வந்தால் கழுத்தைப் பிடித்துவிடச் சொல்வாள்.

இடக்கைக்கென்றே செய்த ஜெர்மன் ரைஃபிள்கள் உண்டு. அவற்றின் விலை எங்கள் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. சிலிண்டரில் முன்பே அடைத்து வைத்த காற்றால் சுடும் பழைய பி.சி.பி. வகைப் போட்டி ரைஃபிள் ஒன்று வீட்டில் இருந்தது. குழலும் ட்ரிக்கரும் நல்ல நிலையில் இருந்தன. அதற்கு அவள் உடம்புக்கேற்ற மர ஸ்டாக்கை, அதாவது குழலைத் தாங்கித் தோளிலும் கன்னத்திலும் பதியும் கட்டையை, நாமே செய்தால் என்ன என்று இறங்கினேன். செய்து முடித்து, அவள் அதை வைத்துப் போட்டியும் சுட்டுவிட்டாள். இதே நிலையில் இருக்கும் வேறு பெற்றோருக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் சட்டம். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி தயாரிப்பது குற்றம். 2016-இன் ஆயுத விதிகள் 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் கொண்ட ஏர் ரைஃபிளை வைத்துக்கொள்ள உரிமம் கேட்பதில்லை. போட்டி ரைஃபிள்கள் இதில் பாதியைக்கூடத் தொடாது, ஏழெட்டு ஜூல்தான். ஆனாலும் குழல், வால்வு, ட்ரிக்கர், 200 பார் அழுத்தத்தில் காற்று அடைத்த சிலிண்டர், இவை எதிலும் நான் கை வைக்கவில்லை. அவை பயிற்சி பெற்ற மெக்கானிக்கின் வேலை. என் வேலை மரத்தோடு முடிந்துவிட்டது. மரம் மட்டுமே போதும் என்பதைத்தான் இந்த வேலை எனக்குக் காட்டியது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பறவைகள் மிரண்டுவிடக் கூடாதென்று தீபாவளிக்கும் வெடி போடாத கூந்தன்குளத்துக்காரர்கள் வாழும் சீமை இது. ஏர் ரைஃபிளைப் பார்த்ததும் 'கொக்கு விழுமா?' என்று கேட்பவர்களிடம் நான் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இது அட்டையைச் சுடுவதற்கான கருவி.

அந்த அட்டையின் கணக்கு தெரிந்தால்தான் ஸ்டாக் ஏன் முக்கியம் என்பது விளங்கும். பத்துப் புள்ளி என்பது 0.5 மி.மீ. அகலமுள்ள ஒரு பொட்டு. வளையத்துக்கு வளையம் 2.5 மி.மீ.தான் தூரம். குறிபார்க்க உதவும் முன்சைட்டுக்கும் பின்சைட்டுக்கும் இடைவெளி 70 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். முன்முனை 1 மி.மீ. விலகினால் 10 மீட்டர் தள்ளி அது 14 மி.மீ. ஆகிவிடும். பத்து விழவேண்டிய இடத்தில் ஐந்து விழும். நின்றபடி, பெல்ட் ஊன்றுகோல் எதுவும் இல்லாமல், 75 நிமிடத்துக்குள் 60 குண்டு சுட வேண்டும். தசையால் பிடித்து நிற்பவர் பாதியிலேயே நடுங்கத் தொடங்குவார். எலும்பின் மேல் எலும்பை அடுக்கி, துப்பாக்கியின் பாரத்தை இடுப்பு வழியாகத் தரைக்கு இறக்குகிறவர்தான் கடைசிக் குண்டு வரை நிற்பார். ஸ்டாக் செய்வது என்றால் அந்த அடுக்குக்கு இடம் செய்து கொடுப்பதுதான். அழகெல்லாம் அப்புறம்.

அதனால் உளியை எடுக்கும் முன் அளவெடுப்பதில்தான் நிறைய நேரம் போனது. போக வேண்டியதும்தான். முதலில் துப்பாக்கியே இல்லாமல் அவளை நிற்க வைத்தோம். இடக்கைக்காரி என்பதால் வலது முழங்கை வலது இடுப்பெலும்பில் ஊன்ற வேண்டும், தலை நேராக நிற்க வேண்டும், கண் எதிரே நேராகப் பார்க்க வேண்டும். தலையைச் சாய்த்தால் உடம்பின் சமநிலை உணர்வே குழம்பும். சைட்டையும் புருவத்தின் அடியிலிருந்து பார்க்க வேண்டி வரும். அப்படி நின்ற பெண்ணைப் பக்கவாட்டில் படமெடுத்து, வலது உள்ளங்கையிலிருந்து கண் மட்டம் வரை எவ்வளவு, தோள் குழியிலிருந்து ஆட்காட்டி விரலின் முதல் ரேகை வரை எவ்வளவு, கன்ன எலும்பு எங்கே என்று ஒரு நோட்டில் குறித்தோம். போட்டிக்குப் போடும் கனமான ஜாக்கெட்டோடு ஒரு தடவை, இல்லாமல் ஒரு தடவை. ஜாக்கெட் தோளில் சேர்க்கும் பருமனைக் கணக்கில் விட்டால் ஸ்டாக் நீளமாகிப்போகும்.

பிறகு பேக்கிங் பெட்டிப் பைன் பலகையில் ஒரு மாதிரி. அதில் கன்ன மேட்டையும் தோளில் பதியும் பின்தட்டையும் போல்ட் போட்டு நகர்த்தும்படி வைத்தேன். பிடிக்கு எம்-சீல் உருட்டி அப்பி, ஈரக்கையால் அவளையே பிடிக்கச் சொன்னேன். விரல்கள் தாமாகப் படிந்த இடம்தான் பிடியின் வடிவம். யாரும் வரைந்து தர முடியாது. அந்த மாதிரியை மெதுவாக, நாள் கணக்கில், ரைஃபிளோடு பூட்டிக் குண்டில்லாமல் நின்று பழகினாள். "அப்பா, கண்ண மூடிட்டுத் திறந்தா சைட்டு இடது பக்கமா நிக்கி" என்பாள். பின்தட்டை ஒரு நூல் நகர்த்துவேன். கண்ணை மூடி நின்று திறக்கும்போது சைட் தானாகவே இலக்கில் நின்றால், அளவு சரியென்று அர்த்தம். அதுவரை நல்ல மரத்தில் கத்தி வைக்கக் கூடாது.

சர்வதேச விதிப்புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். மொத்த எடை 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது. குழலுக்கு அடியில் கை தாங்கும் முன்கட்டையின் அகலம் 60 மி.மீ.க்குள் அடங்க வேண்டும். பெருவிரல் நுழையும் ஓட்டை இந்தப் பிரிவில் கூடாது. கடையில் விற்கும் வேட்டைத் துப்பாக்கிப் படங்களைப் பார்த்துச் செய்பவர்கள் இந்த ஓட்டையைப் போட்டுவிட்டு, பிறகு போட்டிக்கு எடுத்துப்போக முடியாமல் நிற்பார்கள்.

மரம் தேடிச் செங்கோட்டை வரை போனேன். தேக்கு ஏராளமாக இருந்தது. ஆனால் தேக்கில் எண்ணெய்ப்பசை அதிகம். ஒட்டுப்பசை பிடிக்கத் தயங்கும், உளியின் முனையையும் சீக்கிரம் மழுக்கும். சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு ஆசாரி, பழைய மாட்டுவண்டி வேலை தெரிந்தவர், என் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தன் பட்டறையின் பரணிலிருந்து ஒரு கட்டையை இறக்கினார்.

"இது பூவரசு. வைரம் பாஞ்ச கட்டை. வண்டிக்குன்னு அறுத்துப் போட்டது, இப்போ வண்டி எங்க ஓடுது? நல்லாக் காஞ்சிட்டு. தட்டிப் பாருங்க."

"அதிர்ச்சிக்கு வெடிக்காதுல்லா அண்ணாச்சி?"

"வண்டிக்கே தாங்கும். இதுக்குத் தாங்காதா? நார் ஓட்டத்த மட்டும் நான் சொல்லுத மாதிரி வச்சு அறுங்க."

எங்களுக்குப் பூவரசு என்றால் இலையைச் சுருட்டி ஊதும் பீப்பீதான் நினைவுக்கு வரும். தென்னாட்டில் துப்பாக்கிக் கட்டைக்கும் இந்த மரம் பயன்பட்டிருக்கிறது என்பதை முன்பே படித்திருந்தேன். ஆசாரியின் பரணில் அது கிடைத்தது எனக்குப் பெரிய சந்தோஷம். அறுத்தால் உள்ளே கருஞ்சிவப்பு கலந்த பழுப்பு. நெருக்கமான நார்.

நார் ஓட்டம் பற்றி அவர் சொன்னது இந்த வேலையின் உயிர்நாடி. ஸ்டாக்கில் மிக மெலிந்த இடம் பிடியின் கழுத்து. அங்கே நார் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே வெட்டுப்பட்டால் ஒரு நாள் தட்டிய தட்டில் முறிந்துவிடும். கட்டையைச் சற்றே சாய்த்து வைத்து வடிவத்தை வரையச் சொன்னார். அதனால் ஒரு ஓரத்தில் நல்ல மரம் கொஞ்சம் வீணாகும். வீணாகட்டும் என்றார். வெளிவடிவை அவர் பட்டறை ரம்பத்தில் அறுத்து, மீதியை வீட்டில் வைத்து உளி, கொட்டாப்புளி, மர அரம், உப்புத்தாள் கொண்டு நானே செதுக்கினேன்.

குழலும் காற்றறையும் சேர்ந்த உலோகப் பகுதியை மரத்தில் உட்கார வைப்பதுதான் கடினமான கட்டம். அதைக் கழற்றும் முன் குண்டு இல்லை என்று பார்த்து, சிலிண்டரைத் திருகி எடுத்துத் தனியே வைத்தேன். உலோகத்தின் அடியில் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துப் பூசி, குழியில் வைத்து அழுத்தி எடுத்தால், கரி பட்ட இடம் மேடு. அதை மட்டும் சுரண்டு. மறுபடி பூசு, வை, எடு, சுரண்டு. பொறுமை இல்லாதவர் இந்த இடத்தில் ஆசாரியிடமே கொடுத்துவிடலாம். வடகிழக்குப் பருவமழையில் மரம் ஈரம் வாங்கி உப்பும், சித்திரை வெயிலில் சுருங்கும். உலோகம் மரத்தில் கோணலாக உட்கார்ந்திருந்தால் அந்த அசைவு குழலை நெருக்கி, குண்டு விழும் இடத்தையே மாற்றிவிடும். எனவே போல்ட் போகும் இரண்டு துளையிலும் அலுமினியக் குழாய்த் துண்டை இறக்கினேன். முறுக்கும்போது அழுத்தத்தை அலுமினியம் வாங்கிக்கொள்ளும், மரம் நசுங்காது. பிறகு உலோகத்துக்கு நிறமில்லாத ஷூ பாலிஷை இரண்டு கை தடவி, திருகுத் துளைகளைக் களிமண்ணால் அடைத்து, மெதுவாக இறுகும் அரால்டைட்டைக் குழியில் பரப்பி உட்கார வைத்தேன். பாலிஷ் தடவிய இடத்தில் பசை பிடிக்காது. மறுநாள் கழற்றியபோது உலோகத்தின் அச்சு அப்படியே படிந்திருந்தது. குழல் மட்டும் எங்கேயும் மரத்தைத் தொடக் கூடாது. ஒரு காகிதத் துண்டை அடியில் விட்டு முழு நீளத்துக்கும் இழுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெருகு எளிதான பகுதி. 80-இல் தொடங்கி 400 வரை உப்புத்தாள், இடையிடையே ஈரத்துணியால் துடைத்து எழும்பும் நாரைத் தேய்த்தல், பிறகு லின்சீட் ஆயில் மெல்ல மெல்ல. வார்னிஷ் வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து; வியர்த்த கையில் வழுக்கும், கன்னத்தில் ஒட்டும். பிடியில் மட்டும் சொரசொரப்பை விட்டு வைத்தேன். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். லின்சீட் ஊறிய துணிக் குவியல் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிட்டு, பிறகு எறியுங்கள்.

கன்ன மேட்டை மரத்தோடு ஒட்டாமல், இரண்டு ஸ்டீல் கம்பி மேல் ஏறி இறங்கும்படி வைத்திருக்கிறேன். அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடையும் ஒருவர் அதன் திருகுக் குமிழைக் கடைந்து தந்தார், விரலுக்கு அவ்வளவு இதம். பின்தட்டுக்கும் மரத்துக்கும் இடையே போட மெல்லிய ப்ளைவுட் தகடுகளும் வெட்டி வைத்தேன். வளரும் பிள்ளைக்கு நீளம் கூட்டத்தான் வேண்டியிருக்கும்.

எல்லாம் பூட்டியபின் எடை 5 கிலோவைத் தொடவில்லை. முன்பாரம் போதவில்லை என்றாள். முன்கட்டையின் அடியில் சிறு எடைத்துண்டுகள் பூட்டி, பாரம் சரியாக வலது உள்ளங்கை மேல் வரும்வரை நகர்த்தினோம்.

பயிற்சியில் முதலில் மாறியது மதிப்பெண் அல்ல, கழுத்து. வலி நின்றது. குண்டுகள் சிதறுவது குறைந்து ஒரு பக்கமாகக் கூடி விழ ஆரம்பித்தன. கூடி விழுந்தால் சைட்டைத் திருகி நடுவுக்குக் கொண்டுவருவது ஒன்றுமில்லாத வேலை. 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ராவும் 2012-இல் லண்டனில் சென்னையில் பிறந்த ககன் நாரங்கும் பதக்கம் வென்றது இதே 10 மீட்டர் ஏர் ரைஃபிளில்தான். கடலூரில் பிறந்த ஏர் ரைஃபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவனின் படம் என் மகளின் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறது. அவர்கள் உயரத்துக்கு இவள் போவாளா என்பது அவள் பாடு. உடம்போடு மல்லுக்கட்டாமல் நிற்க ஒரு கருவியை அவளுக்குக் கொடுக்க முடிந்தது. அது என் பாடு.

போட்டிக்கு முந்தைய பரிசோதனையில் எடை போட்டார்கள், முன்கட்டை அகலத்தை அளந்தார்கள், பிடியைத் திருப்பிப் பார்த்தார்கள், ஒட்டு வில்லையை ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள். அங்கே இன்னொரு இடக்கைப் பையனின் அம்மா என்னிடம் ஆசாரியின் ஊரைக் கேட்டு வாங்கினார். அவரிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்: மரத்துக்குப் போகும் முன் பைன் பலகை மாதிரியைச் செய்யுங்கள், பிள்ளை அதோடு நின்று பழகட்டும், ஜாக்கெட் அளவை மறக்காதீர்கள், ஈயக்குண்டு தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிட விடாதீர்கள். ஆசாரியிடம் பூவரசில் இன்னும் ஒரு கட்டை பரணில் இருக்கிறது.