விமானி உரிமத்துக்கும் மூலப்பத்திரம் உண்டு

அமெரிக்காவில் வணிக விமானி உரிமம் பெற்றுத் திருவையாற்றுக்கு அருகிலுள்ள எங்கள் ஊருக்குத் திரும்பிய அன்று, அப்பா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத வச்சுக்கிட்டு எந்த நாட்டுலயும் ஓட்டலாமா தம்பி?" என்று கேட்டார். என் படிப்புக்காக அடமானத்தில் இருக்கும் ஆறு மா நஞ்சையை நினைத்துத்தான் கேட்டார் என்பதால், இல்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

1944-ஆம் ஆண்டுச் சிகாகோ உடன்படிக்கையின் 33-ஆவது பிரிவு, ஒரு நாடு வழங்கிய உரிமத்தை மற்ற நாடுகளும் ஏற்க வேண்டும் என்கிறது. ஆனால் ஓட்டப்படும் விமானம் அந்த உரிமத்தை வழங்கிய நாட்டிலேயே பதிவாகியிருக்க வேண்டும். ஐரோப்பாவில் பதிவான விமானத்தைத் தொழில்முறையில் ஓட்ட விரும்பிய நான், 13 பாடங்களிலும் தேர்வெழுதி ஒவ்வொன்றிலும் 75 விழுக்காடு பெற வேண்டும்; முதல் தேர்வு எழுதிய மாதத்தின் கடைசியிலிருந்து 18 மாதங்களுக்குள் அனைத்தையும் முடிக்க வேண்டும். அதற்கும் மேல் முதல் வகுப்பு மருத்துவச் சான்றும் பறத்தல் தேர்வும் உண்டு.

படிப்பு என்னை அச்சுறுத்தவில்லை. உயரம் காட்டும் உயரமானியில் காற்றழுத்தத்தை 29.92 அங்குலம் என்று வைத்துப் பழகிய கை 1013 ஹெக்டோபாஸ்கலுக்குப் பழகச் சில நாட்களே ஆயின. என்னை உட்கார வைத்தது, பறந்த நேரத்தைக் குறித்துவைக்கும் லாக்புக்தான்.

அமெரிக்காவில் பறந்த நேரத்தைத் தசமத்தில் எழுதுவார்கள், 1.3 என்றால் 1 மணி 18 நிமிடம். தை மாத இரவுகளில், களத்தில் நெல் தூற்றும் சத்தத்துக்கு நடுவே, கூடத்தில் அமர்ந்து ஒவ்வொரு வரியையும் மணியாகவும் நிமிடமாகவும் மாற்றி எழுதினேன். அப்போதுதான் பெரிய சிக்கல் தெரிந்தது. தனியார் விமானி உரிமம் பெற்ற பிறகு, பயிற்சியாளர் அருகில் இருந்தாலும், கட்டுப்பாட்டுக் கருவிகளை நான் மட்டுமே இயக்கிய நேரத்தைப் பொறுப்பு விமானியின் (விமானத்துக்கு முழுப் பொறுப்பேற்று ஓட்டுபவரின்) நேரமாகவும் எழுத அமெரிக்க விதி இடம் தருகிறது; ஐரோப்பிய விதியில் அது பயிற்சி நேரம் மட்டுமே. பொறுப்பு விமானியாக 131 மணி என்று நான் நம்பியிருந்த கணக்கு 87 மணியாகச் சுருங்கியது. வேண்டியதோ 100.

இதைக் கேட்ட அப்பா வியப்படையவில்லை. "பட்டா உன் பேர்ல இருந்தா ஆச்சா? வில்லங்கம் போட்டு, மூலப்பத்திரம் வரைக்கும் பாக்காம எவன் நிலத்த வாங்குவான்?" என்றார். உரிமத்தின் நகலைக் காட்டினால் போதாது, வழங்கிய நாட்டிடமே கேட்டு உறுதி செய்துகொள்வார்கள் என்பதை நான் எவ்வளவு விளக்கியிருந்தாலும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

என்னை இன்றும் வருத்துவது வேறொன்று. உரிமத்தை மாற்றிக்கொண்டாலே அங்கே வேலை உறுதி என்று எனக்குச் சொன்ன முகவர், வேலை செய்யும் அனுமதி முற்றிலும் தனி என்பதைச் சொல்லவே இல்லை. பல நிறுவனங்களின் விளம்பரங்களில், ஐரோப்பிய ஒன்றியத்தில் தடையின்றி வாழவும் பணியாற்றவும் உரிமை இருக்க வேண்டும் என்ற நிபந்தனை முதலிலேயே இருக்கிறது. நிலத்தை அடகு வைக்கும் குடும்பங்களிடம் இதை மறைப்பது பெரும் அநீதி.

குறைந்த 13 மணி நேரத்துக்கான பணம், இவ்வாண்டுச் சம்பாவைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு வந்த தொகையிலிருந்து கிடைத்தது. ஒன்பது பாடங்கள் முடிந்துவிட்டன. புதிய லாக்புக்கில் மணி, நிமிடமாகவே எழுதுகிறேன்; பயிற்சியாளர் உடன் இருந்த நேரத்தைப் பயிற்சிக்குரிய பத்தியில் மட்டும் எழுதுகிறேன்.