சிவந்த பாறைகளின் நடுவே

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் என் மனம் இன்னும் தங்கியிருப்பது, 1919-இல் தேசியப் பூங்காவான சயானில்தான். அங்குள்ள நேரோஸ் பகுதியில் தனிப் பாதை கிடையாது. செங்குத்தாக உயர்ந்த மணற்பாறைச் சுவர்களுக்கிடையே, வர்ஜின் ஆற்றின் தண்ணீரிலேயே, கைத்தடியால் ஆழம் பார்த்து, வழுக்கும் கற்களில் காலூன்றி நடக்க வேண்டும். தொலைவில் பெய்யும் மழைகூட இங்கே திடீர் வெள்ளமாகப் பாய்ந்துவிடும் என்பதால், வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் தயவுசெய்து இறங்காதீர்கள். தங்குவதற்குப் பூங்கா வாயிலை ஒட்டிய ஸ்பிரிங்டேல் சிற்றூர் வசதியானது.

அதே மாநிலத்திலுள்ள பிரைஸ் கேன்யன் தேசியப் பூங்காவையும் விட்டுவிடாதீர்கள். பெயரில் ‘கேன்யன்’, அதாவது பள்ளத்தாக்கு, என்று இருந்தாலும் அது ஆறு அறுத்த பள்ளத்தாக்கு அன்று. பாறை விரிசல்களில் புகுந்த நீர் உறைந்தும் உருகியும் செதுக்கிய கல்தூண்களின் அரங்கம். நவாஹோ வளையப் பாதையில் இறங்குவது எளிது. விளிம்பே கடல் மட்டத்திலிருந்து 2,400 மீட்டருக்கு மேல் இருப்பதால், திரும்பி ஏறும்போது மூச்சு வாங்கும்.