தியாகிலெவ் கேள்வியும் என் 4 மதிப்பெண்ணும்

கலை வரலாறு முதுகலையில், 'பாலே ரூஸ்' என்ற ரஷ்ய பாலே நடனக் குழுவை நடத்திய செர்கேய் தியாகிலெவின் பங்களிப்பு பற்றி ஒரு 15 மதிப்பெண் கேள்வி வந்தது. 5 பக்கம் எழுதினேன், கிடைத்தது 4. விடைத்தாளை வாங்கிப் பார்த்தால் ஸ்த்ராவின்ஸ்கியின் இசை, நிஜின்ஸ்கியின் ஆட்டம், பிக்காசோ வரைந்த மேடைத் திரைச்சீலை என்று நிரப்பி வைத்திருக்கிறேன். தியாகிலெவ் என்ன செய்தார் என்று ஒரு வரி இல்லை!

இவரிடம் சிக்கலே அதுதான். வரையவில்லை, ஆடவில்லை. படித்தது சட்டம். இசையமைக்க ஆசைப்பட்டார், அது உனக்கு வராது என்று இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கோர்சக்கோவ் சொல்லிவிட்டார். அப்புறம் எதை எழுதுவது?

மறுதேர்வுக்கு பாலேயை விட்டுவிட்டு அதற்கு முந்தைய பத்தாண்டைப் படித்தேன். 1898இல் 'மீர் இஸ்குஸ்த்வா' கலை இதழ். 1905இல் பீட்டர்ஸ்பர்க்கில் ரஷ்ய உருவப்படங்களின் பெரிய கண்காட்சி. 1906இல் பாரிசில் ரஷ்ய ஓவியங்கள், 1907இல் கச்சேரிகள், 1908இல் ஷாலியாபின் பாடிய 'போரிஸ் கோதுனோவ்' ஓப்பரா, 1909இல்தான் பாலே. எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எதை மாட்டுவது என்று பார்த்த அதே கண்தான் யாருடைய இசைக்கு யாருடைய ஓவியம் பொருந்தும் என்றும் பார்த்தது. இதைத்தான் விடையின் முதல் வரியாக வைத்தேன்.

பணத்தையும் விடாதீர்கள். 1909இல் ஆதரவாளரான இளவரசர் விளாதிமிர் இறந்ததும் அரச உதவி நின்றது. ஓப்பராவுக்குச் செலவு அதிகம், அதனால் அந்தப் பருவத்தில் பாலே முன்னுக்கு வந்தது. இந்தக் காரணத்தைப் பலர் எழுதுவதில்லை.

படைப்புகளுக்கு இசை, நடனம், ஓவியம் என்று மூன்று கட்டம் போட்டுக்கொண்டேன். 1913இன் 'வசந்தச் சடங்கு' என்றால் ஸ்த்ராவின்ஸ்கி, நிஜின்ஸ்கி, ரோரிக். ரோரிக் எனக்கு மறக்கவே இல்லை, பின்னாளில் நம் குலு பள்ளத்தாக்கில் வாழ்ந்து மறைந்தவர் அவர். 1917இன் 'பராட்' என்றால் சத்தீ, மஸ்ஸீன், பிக்காசோ.

பிறந்த நாளில் குழம்ப வேண்டாம். 1872 மார்ச் 19 ரஷ்யாவின் பழைய நாட்காட்டி, மார்ச் 31 புதியது. இரண்டும் சரி.

இரண்டாம் முறை 3 பக்கம்தான் எழுதினேன், 11 வந்தது. 1929இல் வெனிசில் அவர் இறந்ததை எழுத நேரமில்லை. அதற்காக யாரும் மதிப்பெண் குறைத்ததாகத் தெரியவில்லை.