வெறுங்கையோடு போன ஆச்சி

ஆச்சியின் 31ஆம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி அவருடைய மகள் கேட்டிருந்தார். எழுதிக் கொடுத்தேன். இடம் போதாமல் நாலு வரிதான் அச்சில் வந்தது, அதிலும் 'இறைபக்தி மிக்கவர், இன்முகம் மாறாதவர்' என்ற பகுதி மட்டும். பக்தி உண்மை. இன்முகம் கொஞ்சம் கூடிப்போச்சு, கோபம் வந்தால் ஆச்சியின் முகத்தைப் பார்க்க ஏலாது. ஆனால் அந்தப் பகுதியில் குடும்பநல மருத்துவிச்சியாக இருந்த எனக்கு அவர் எல்லாவற்றுக்கும் முதல் என்னோடு சேர்ந்து வேலை செய்த ஆள், சம்பளம் இல்லாமல், எந்த வரவுப் புத்தகத்திலும் கையெழுத்து வைக்காமல் வேலை செய்த ஆள். அதை யாராவது எழுத வேண்டும்.

கிளிநொச்சிப் பக்கம், இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் ஒரு குடியேற்றக் கிராமம். ஆச்சி நெடுந்தீவில் பிறந்து, கலியாணம் கட்டி அங்கே வந்தவர். பிள்ளைகள் எட்டுப் பேர். 2009இல் போரின் கடைசியில் எல்லாரையும் போல விசுவமடு, சுதந்திரபுரம், மாத்தளன் என்று நகர்ந்து, மெனிக் பாம் முகாமில் கிடந்து, திரும்பி வந்து தறப்பாள் கொட்டிலில் இருந்து தொடங்கினார். ஒரு மகன் திரும்பி வரவில்லை. அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

நான் மாற்றலாகி வந்த காலத்தில் அந்த ஊருக்கு ஏதாவது ஒரு நிறுவனத்தின் வாகனம் வராத கிழமை இல்லை. கோழிக்குஞ்சு, நுளம்பு வலை, கூரைத் தகரம், ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம். சனம் படிவத்துக்குப் பழகிப் போய்விட்டது. கேட்கிற ஆளின் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் பதிலே வரும், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, இழந்ததற்கு அளவில்லை, கிடைப்பதை விட்டால் இன்னொருதரம் வராது. என்னிடமும் அப்படித்தான். பிள்ளையின் நிறையைப் பதிந்துகொண்டே வீட்டில் என்ன சமையல் என்று கேட்டால், தாயின் கண் அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கும் சத்துமாவான திரிபோஷாப் பக்கெற்றிலேயே இருக்கும்.

ஆச்சி மரியாயின் சேனையில் இருந்தார். 1921இல் டப்ளினில் தொடங்கிய அமைப்பு அது, எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கப் பங்குகளிலும் உண்டு. கிழமைக்கொரு கூட்டம், செபமாலை, பிறகு ஒவ்வொருவரும் அந்தக் கிழமை செய்த வேலையைச் சொல்ல வேண்டும். வீடு சந்திக்கப் போனால் இரண்டு பேராகத்தான் போக வேண்டும், கேட்டது வெளியே போகக் கூடாது. எனக்கு விளங்காமல் இருந்தது இன்னொரு விதி: பொருளாக ஒன்றும் கொடுக்கக் கூடாது. அரிசி, சாமான் என்றால் அது வின்சென்ட் டி போல் சபையின் பாடு. பட்டினி கிடக்கிற வீட்டுக்கு வெறுங்கையோடு போய் என்னத்தைச் செய்வது என்று சைவக் குடும்பத்தில் வளர்ந்த எனக்கு அது ஒரு பெரிய விசர் வேலையாகத்தான் பட்டது.

போகப் போகத்தான் தெரிந்தது, அந்த வெறுங்கைக்குத்தான் சனம் உண்மையைச் சொன்னது. ஆச்சியிடம் வாங்க ஒன்றுமில்லை, எனவே மறைக்கவும் கூட்டிச் சொல்லவும் தேவை இருக்கவில்லை.

கேட்டதை என்னிடமும் சொல்ல மாட்டார். "பிள்ளை, வாய்க்கால் கரையால போகேக்க அந்தக் கடைசி வளவையும் ஒருக்கா எட்டிப் பாத்திட்டுப் போங்கோ" என்பார், அவ்வளவுதான். போனால் அங்கே ஏழு மாதக் கர்ப்பத்தோடு ஒரு சின்னப் பெட்டை, கலியாணம் பதியவில்லை என்ற பயத்தில் கிளினிக் பக்கமே வராமல், இரத்தம் குறைந்து, முகம் வெளிறி. எனக்குச் சரியான கோபம். முதலே சொல்லியிருக்கலாமே ஆச்சி என்று கேட்டேன். "அந்தப் பிள்ளை ஓமெண்டு சொன்னாப் பிறகுதானே நான் வாய் திறக்கலாம்" என்றார். அந்த இடத்தில் எனக்கு இன்றைக்கும் அவரோடு முழு உடன்பாடு இல்லை. இரண்டு மாதம் முந்தித் தெரிந்திருந்தால் இரும்புச்சத்துக் குளிசையாவது தொடங்கியிருக்கலாம். ஆனால் முந்திச் சொல்லியிருந்தால் அதற்குப் பிறகு எந்த வளவிலும் ஆச்சிக்குக் கதவு திறந்திருக்காது என்பதும் சரிதான்.

கதவு திறப்பது லேசான காரியமும் இல்லை. ஊரில் முக்கால்வாசி சைவ வீடுகள். புதிது புதிதாகச் சபைகள் வந்து ஆள் பிடிக்கிற கதையால் சிலுவை போட்ட ஆளைக் கண்டாலே சிலர் படலையைச் சாத்துவார்கள். ஆச்சி சைவ வீடுகளில் செபமாலையை வெளியே எடுத்ததே இல்லை. கந்தசஷ்டிக்கு உபவாசம் இருக்க வெளிக்கிட்ட கர்ப்பிணி ஒருத்தியை நான் மறித்துப் பார்த்தேன், கேட்கவில்லை. "வயித்தில பிள்ளையோட பட்டினி கிடக்கலாமோ எண்டு உங்கட ஐயரைப் போய்க் கேளும்" என்று ஆச்சி அனுப்பிவிட்டார். ஐயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தவக்காலத்தில் சொந்தச் சனத்துக்கும் இதே சட்டம்தான், அங்கே ஃபாதரிடம் அனுப்புவார்.

குடும்பக் கட்டுப்பாட்டில் மட்டும் நாங்கள் ஒத்துப் போகவே இல்லை. நான் ஜடெல், அதாவது கையில் தோலுக்குக் கீழே வைக்கும் கருத்தடைக் குச்சி பற்றிப் பேச்செடுத்தால் எழும்பி வெளியே போய்விடுவார். யாரையும் போடாதே என்று தடுத்தது கிடையாது, எனக்கு உதவியதும் கிடையாது.

2018 டிசம்பர் வெள்ளத்தை அங்கே யாரும் மறக்க மாட்டார்கள். இரணைமடு வான்கதவுகள் திறந்து இரவோடிரவாகத் தண்ணீர் வந்தது. என் பதிவேடு காரியாலயத்தில், நான் பள்ளிக்கூட முகாமில், நடுவில் வீதி எங்கே என்றே தெரியவில்லை. முழங்கால் நோவோடு ஆச்சி முகாம் வாசலில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, வாய்க்கால் வரிசைப்படி வளவு வளவாகச் சொன்னார், இந்த வீட்டில் கர்ப்பிணி, இதில் பிள்ளை பிறந்து பத்து நாளும் ஆகவில்லை, இந்த வீட்டு ஆட்கள் இன்னும் வந்து சேரவில்லை என்று. வராத வீட்டுக்குப் பொடியங்கள் உழவு இயந்திரத்தில் போய் ஏற்றி வந்தார்கள். பிறகு பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், ஒரு பெயர் விடுபடவில்லை, என்னிடம் பதியாத ஒரு பெயர்கூட இருந்தது.

2022இல் பொருளாதார நெருக்கடியில் திரிபோஷா ஒழுங்காக வராத மாதங்களில் நிறுவைக்கு வருகிற தாய்மார் குறைந்தார்கள். பக்கெற் இல்லாமல் ஏன் வெயிலில் வருவான் என்று அவர்களுக்கு. அந்த நேரம் பிள்ளைகளின் நிறை சரிகிறதா என்று பார்ப்பதுதான் முக்கியம். ஆச்சி பேத்தியைக் கூட்டிக்கொண்டு, பெற்றோல் இல்லாத ஊரில் நடந்தே திரிந்தார். கொடுக்க அவரிடம் வழக்கம் போல ஒன்றும் இல்லை. தாய்மார் வந்தார்கள்.

இப்போது அந்தப் பக்கத் தாய்மார் ஆதரவுக் குழுவுக்கு ஆள் தேடுகிறோம். இரண்டு பேர் வந்தார்கள். "என்ன மிஸ் குடுப்பினம்?" என்று இருவருமே கேட்டார்கள். ஒன்றுமில்லை என்று சொன்னேன். ஒருத்தி அடுத்த கிழமையும் வந்தாள். யாரோடு சோடி சேர்த்து வீடுகளுக்கு அனுப்புவது என்றுதான் இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.