அம்மாவின் அதிமதுரம்

அம்மாவின் இரைப்பையிலிருந்து நொய்யரிசி அளவுக்கு ஒரு துணுக்கைக் கிள்ளி, யூரியா கலந்த மஞ்சள் நிற ஜெல்லில் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் மஞ்சள் ரோஸ் நிறமாகிவிட்டது. ஹெலிகோபாக்டர் பைலோரி. இந்தக் கிருமி யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கும். இரைப்பை அமிலத்திலிருந்து அதைக் காப்பாற்றுவதும் அந்த அம்மோனியாதான், ஜெல்லில் நிறத்தை மாற்றிக் காட்டிக்கொடுப்பதும் அதுவேதான்.

கும்பகோணத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவள் நான். மூன்று வருஷமாக அம்மா நெஞ்சு எரிகிறது என்றபோதெல்லாம் கேஸ் மாத்திரை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அது இன்னும் உறுத்துகிறது.

பதினான்கு நாள் மருந்து எழுதினார்கள்: பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல், கூடவே அமிலம் குறைக்கும் மாத்திரை. நான்காம் நாளே அம்மா சோர்ந்துவிட்டாள். "வாயெல்லாம் இரும்பைச் சப்பின மாதிரி இருக்குடி. நாக்கைப் பாரு, கறுத்துப் போச்சு. நான் அதிமதுரக் கஷாயமே குடிச்சுக்கறேன்."

அம்மா சொன்னதைத் தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. இரவில் உட்கார்ந்து படித்தேன். பைலோரியில் சில வகைகள் காக்-ஏ என்ற புரதத்தை ஊசி போடுவதுபோல நம் செல்லுக்குள் செலுத்துகின்றன. உடனே செல்லுக்குள் என்.எஃப்.கப்பா-பி என்ற அபாய மணி அடிக்கிறது. இன்டர்லூகின்-8 என்ற சமிக்ஞைப் புரதம் சுரந்து வெள்ளணுக்களைக் கூட்டி வருகிறது. அந்த இடத்தில் ரத்தக் குழாய்கள் விரிந்து, நீர் கசிந்து, அது சிவந்து வீங்குகிறது; இதுதான் அழற்சி. அதிமதுரத்தில் உள்ள கிளாப்ரிடின், வெங்காயத்தில் உள்ள குவெர்செட்டின் போன்ற ஃபிளேவனாய்டுகள் எனும் தாவரப் பொருள்கள் இந்த மணியின் சத்தத்தைக் குறைப்பதை ஆய்வகச் செல்களில் பார்த்திருக்கிறார்கள். பைலோரி தொற்றிய கினிப்பன்றிகளுக்குக் குவெர்செட்டின் கொடுத்தபோது இரைப்பை அழற்சி தணிந்தது. ஆக, அம்மாவின் நம்பிக்கை வெறும் நம்பிக்கை இல்லை.

ஆனால் அழற்சி தணிவது வேறு, கிருமி ஒழிவது வேறு. சளிப்படலத்துக்குள் அது உயிரோடு இருக்கும்வரை புண் திரும்ப வரலாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-லேயே இதைப் புற்றுநோய்க் காரணி என்று வகைப்படுத்திவிட்டது. இன்னொரு சிக்கலும் உண்டு: அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணமான கிளிசிரைசின், உடம்பில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, ரத்த அழுத்தத்தை ஏற்றும். அம்மா ஏற்கெனவே பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவள்.

இதையெல்லாம் எப்படிச் சொல்வது? பாரி மார்ஷலின் கதையைச் சொன்னேன். ஆஸ்திரேலிய டாக்டர், இரைப்பைக் கோளாறுக்கு இந்தக் கிருமி காரணம் என்பதை யாரும் நம்பவில்லை என்று 1984-ல் அதைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டவர். கிருமியைச் சேர்ந்து கண்டுபிடித்த ராபின் வாரனோடு 2005-ல் நோபல் பரிசு வாங்கினார்.

"குடிச்சாரா? பெத்தவ மனசு என்ன பாடுபட்டிருக்கும்!" என்றாள். அப்புறம் மாத்திரையை விழுங்கினாள்.

பழையதும் சின்ன வெங்காயமும் தொடர்ந்தன. மோர் மட்டும் மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் தள்ளித்தான், ஏனென்றால் மோரில் இருக்கும் கால்சியம் டெட்ராசைக்ளினைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

மருந்து முடிந்து ஆறு வாரம் கழித்து, கிருமி போய்விட்டதா என்று பார்க்க மூச்சுப் பரிசோதனை. கேஸ் மாத்திரை முடிவை ஏமாற்றிவிடலாம் என்பதால் அதற்கு இரண்டு வாரம் முன்பே அதை நிறுத்தியிருந்தோம். நெகட்டிவ்.

"அப்ப இனிமே அதிமதுரம் குடிக்கலாமா?" என்றாள்.

"தொண்டை கட்டினா ஒரு துண்டு வாயில போட்டுக்கம்மா. கஷாயம் வேண்டாம்" என்றேன்.