கும்பகோணத்தில் ஒரு தேள் சின்னக் கார்

2022 ஆவணி மாதத்தில், 2016-ஆம் ஆண்டு பதிவான ஃபியட் அபார்த் புன்டோ ஒன்றைக் கோயம்புத்தூரில் வாங்கிக் கும்பகோணத்துக்கு ஓட்டி வந்தேன். மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன. டெல்டாப் பகுதியில் இத்தகைய வண்டியை வாங்க ஆசைப்படுவோர் இன்றும் என்னிடம் வந்து விசாரிக்கிறார்கள். அவர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கார் தானாகக் கெடுவது குறைவு; அதன் அமைப்பு தெரியாதவர் கைபட்டுக் கெடுவதே அதிகம். ஆகவே காரைத் தேடும் முன், அதைப் பற்றித் தெரிந்த, தெரியாததைக் கேட்டுக் கற்றுக்கொள்ளும் பொறுமையுள்ள ஒரு மெக்கானிக்கைத் தேடிக்கொள்ள வேண்டும்.

எனக்கு அப்படி ஒருவர் முன்பே இருந்தார். என் அப்பா வைத்திருந்த பிரீமியர் பத்மினியை இருபது ஆண்டுகள் பார்த்துக்கொண்டவர் அவர். பத்மினி என்பது இத்தாலியின் ஃபியட் 1100-இன் இந்திய வடிவம்தான் என்பதால், எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அது 'ஃபியட் கார்'; அவரும் 'ஃபியட் மெக்கானிக்'. நான் அபார்த் வாங்கப் போவதாகச் சொன்னபோது, "தம்பி, பேருதான் ஃபியட்டு, இது வேற சாதி வண்டி. புத்தகம் ஏதாவது இருந்தா கொண்டாந்து குடு, படிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்குத் துணிவு வந்தது.

இந்தக் காரை அறியாதவர்களுக்காகச் சில விவரங்கள். கார்லோ அபார்த் வியன்னாவில் பிறந்து இத்தாலியில் வாழ்ந்தவர். 1949-இல் தம் பெயரிலேயே நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய ராசி விருச்சிகம் என்பதால் தேள் அதன் சின்னமாயிற்று. 1971-இல் ஃபியட் அந்த நிறுவனத்தை வாங்கிக்கொண்டது. இந்தியாவில் 2009 முதல் விற்பனையில் இருந்த புன்டோவின் உடலுக்குள் 1368 சிசி டி-ஜெட் டர்போ பெட்ரோல் என்ஜினை (புகையின் விசையால் சுழன்று காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் கருவிதான் டர்போ) பொருத்தி, 2015 அக்டோபரில் அபார்த் புன்டோ என்று வெளியிட்டார்கள். 145 குதிரைத்திறன்; 212 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை; நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக். தோற்றத்தில் குடும்பக் காராக இருப்பதால் இதை ஸ்போர்ட்ஸ் கார் என்று ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு. என்ஜின் சுற்றைக் காட்டும் முள் இரண்டாயிரத்தைத் தாண்டும்போது இருக்கை முதுகைத் தள்ளுவதை ஒருமுறை உணர்ந்தவர்கள் அவ்வாறு பேசுவதில்லை. 2019 தொடக்கத்தில் ஃபியட் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்திவிட்டது. அதன் பின் இதை வாங்குகிறவர், உற்பத்தி நின்றுபோன வண்டியை வாங்குகிறோம் என்பதைத் தெரிந்தே வாங்க வேண்டும்.

வண்டியை முதலில் பார்த்தது ஆனி மாதக் கடைசியில். ஆடியில் வண்டி எடுக்கக்கூடாது என்று அம்மா உறுதியாகச் சொன்னதால், முன்பணம் மட்டும் கொடுத்துவிட்டு ஆவணி வரை காத்திருந்தேன். அந்த ஒரு மாதம் பெரிய உதவியாயிற்று. விற்றவர் கடனை அடைத்துவிட்டார் என்றாலும் ஆர்சி என்ற பதிவுச் சான்றில் வங்கியின் பெயர் அப்படியே இருந்தது. அவரிடமிருந்த வங்கியின் தடையின்மைச் சான்றும் தேதி கடந்துபோயிருந்தது. புதிய சான்று வாங்கி, படிவம் 35 கொடுத்துக் கடன் குறிப்பை நீக்கிய பிறகுதான், பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் இருவரும் கையெழுத்திட்டோம். பரிவாகன் என்ற அரசின் வாகன இணையதளத்தில் அபராத நிலுவை ஏதும் இருக்கிறதா என்று பார்த்ததில் இரண்டு இருந்தன. அவற்றை அவரே கட்டினார். காப்பீட்டைக் கைமாறிய பதினான்கு நாட்களுக்குள் என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன். பழைய உரிமையாளரின் நோ க்ளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காததற்கான காப்பீட்டுச் சலுகை, வண்டியோடு நமக்கு வராது என்பதை விலை பேசும்போதே கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது.

காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருக்கும்படி முந்தைய நாளே கேட்டுக்கொண்டு, போனதும் பானட்டில் கை வைத்துக் குளிர்ந்திருப்பதை உறுதி செய்துகொண்டேன். சூடான என்ஜின் பல குறைகளை மறைத்துவிடும். முதல் ஸ்டார்ட்டில் சைலன்சரில் நீலப்புகை வரவில்லை. ஆயில் மூடியின் உட்புறத்தில் பால்போன்ற படிவு இல்லை. கூலன்ட் தொட்டியில் எண்ணெய் மிதக்கவில்லை. 61,000 கி.மீ. ஓடியிருந்தது, சர்வீஸ் சீட்டுகளைத் தேதிவாரியாகக் கோத்து வைத்திருந்தார். அந்தக் கோப்புக்காகவே, இதைவிட நாற்பதாயிரம் குறைவாகக் கிடைத்த இன்னொரு வண்டியை விட்டுவிட்டு 5.40 லட்சம் கொடுத்தேன். அந்த முடிவு சரியென்றே இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் அந்தக் கோப்பில் ஒரு சீட்டு இல்லை. டைமிங் பெல்ட், அதாவது பிஸ்டன்களும் வால்வுகளும் ஒரே ஒழுங்கில் இயங்கும்படி இணைக்கும் ரப்பர் பட்டை, மாற்றியதற்கான சீட்டு அது. அதைக் கவனித்தும், கிலோமீட்டர் குறைவுதானே என்று கரூர், திருச்சி வழியாகச் சுமார் 300 கி.மீ. ஓட்டியே வந்தேன். இன்றைக்கு என்றால் லாரியில் ஏற்றித்தான் கொண்டுவருவேன். அந்த பெல்ட்டுக்குக் கிலோமீட்டர்க் கணக்கோடு வருடக் கணக்கும் உண்டு. என்ஜின் சூட்டிலேயே கிடக்கும் ரப்பர் ஓடாவிட்டாலும் முதுமை அடைகிறது. இந்தப் பதினாறு வால்வு என்ஜினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் மேலே வந்து திறந்திருக்கும் வால்வுகளில் மோதும். அதன் பின் என்ஜினின் தலையைக் கழற்றாமல் வேலை முடியாது. காரின் விலையில் பெரும்பங்கை ஒரு ரப்பர் பட்டை தன் பொறுப்பில் வைத்திருக்கிறது.

வந்த வாரத்திலேயே பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றும் சேர்ந்த கிட் ஒன்றை வரவழைத்தேன். வாட்டர் பம்ப்பையும் அதே பெல்ட்தான் சுழற்றுகிறது; அதை மட்டும் பழையதாக விட்டால், அது கசியும் நாளில் அத்தனை வேலையையும் மறுபடி செய்ய வேண்டும். மெக்கானிக் அண்ணன் தம் வழக்கப்படி பழைய பெல்ட்டிலும் பற்சக்கரங்களிலும் வெள்ளைப் பெயின்டால் குறி வைத்துவிட்டு, அப்படியே புதியதை மாட்டிவிடலாம் என்று தொடங்கினார். பத்மினியில் பெல்ட்டே இல்லை, செயின்தான்; பிற்காலத்து வண்டிகள் பலவற்றில் இந்தப் பெயின்ட் குறியே போதுமானதாக இருந்திருக்கிறது. இந்த என்ஜினிலோ, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டுகள் இருக்கும் மேல்மூடியில் உள்ள திருகடைப்புகளைக் கழற்றி, அவற்றின் துளைகளில் பூட்டுமுளைகளைத் திருகி, ஷாஃப்ட்டுகள் அசையாதபடி நிறுத்திய பிறகே பெல்ட்டைக் கழற்ற வேண்டும். சர்வீஸ் புத்தகத்தில் அந்தப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் பார்த்தார். பிறகு ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "அந்த முளை வரட்டும் தம்பி, வண்டி நிக்கட்டும்" என்றார். முளைகள் வர ஒன்பது நாளாயிற்று. ஒன்பது நாளும் வண்டி அவருடைய கொட்டகையில் நின்றது. அவசரப்படுத்தாமல் இருந்ததுதான் நான் செய்த நல்ல காரியம். கழற்றிய பெல்ட்டை வளைத்துப் பார்த்தபோது, பற்களின் அடியில் மயிரிழை போன்ற வெடிப்புகள் வரிசையாகத் தெரிந்தன.

இரண்டாவது பாடம் தெர்மோஸ்டாட், அதாவது என்ஜின் சூடாகும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் அடைப்பு. நெடுஞ்சாலையில் ஓடும்போது வெப்ப முள் நடுக்கோட்டுக்கு ஏறாமல் கீழேயே தங்கியது. நம் ஊர் வெயிலுக்கு என்ஜின் குளிர்ச்சியாக ஓடுவது நல்லதுதானே என்று நானும் மகிழ்ந்திருந்தேன். தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிடுவது நம் பக்கத்தில் பல பட்டறைகளில் பழக்கமும்கூட. அது தவறு. இந்த என்ஜினில் தெர்மோஸ்டாட் மூடாமல் திறந்தபடியே சிக்கிக்கொள்வது பலரும் கண்ட குறை. அப்படியானால் என்ஜின் உரிய சூட்டுக்கு வராது. என்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று எண்ணி வண்டியின் கணினி கூடுதல் பெட்ரோலைத் தெளிக்கும். எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும். லிட்டருக்கு 9 கி.மீ. கொடுத்த வண்டி, தெர்மோஸ்டாட் மாற்றிய பிறகு அதே சாலையில் 12 கொடுத்தது. ஃபியட் கார்களுக்கென்றே உள்ள மல்டிஇசியூஸ்கேன் என்ற மென்பொருளையும் அதற்கான கேபிளையும் அப்போதுதான் வாங்கினேன். மடிக்கணினியை இணைத்துக் கூலன்ட் சூட்டை எண்ணாகப் பார்க்க முடிந்தபின், யூகத்தில் பாகம் மாற்றும் செலவு நின்றுபோயிற்று.

ஆயில் விஷயத்தில் ஒருமுறை ஏமாந்தேன். வெளியூரில் ஒரு பணிமனையில், 5டபிள்யூ-40 சிந்தெடிக் என்ற மெல்லிய ஆயில் என்று சீட்டில் எழுதிவிட்டுத் தடித்த சாதாரண ஆயிலை ஊற்றிவிட்டார்கள். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழல்வது. மெல்லிய ஆயில் படலம்தான் அதன் உயிர். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கேட்ட ஓசை மாறியிருந்ததால் அறிந்து, அன்றே வடித்து மாற்றினோம். அதிலிருந்து ஆயிலை நானே வாங்கிக் கொடுத்து, அருகில் நின்று ஊற்றச் செய்கிறேன். வேகமாக ஓட்டி வந்தால் நிறுத்தியதும் அணைக்காமல் ஒரு நிமிடம் ஐடிலில், அதாவது நின்றபடி மெதுவாக ஓட, விடுவதும் வீட்டில் எல்லோருக்கும் பழகிவிட்டது.

டெல்டாவுக்கே உரிய தொல்லைகள் எந்தச் சர்வீஸ் புத்தகத்திலும் இல்லை. தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் வயல் எலிகள் தங்குமிடம் தேடிப் புறப்படும். எங்கள் வீட்டின் பின்புறம் வயல். 2023 மாசியில் ஒரு காலை, செக் என்ஜின் விளக்கு எரிந்தது. வண்டி இழுவை இல்லாமல் திணறியது. பானட்டைத் திறந்தால், பேட்டரியின் ஓரத்தில் வைக்கோல், பஞ்சு, நெல்மணிகள் எல்லாம் சேர்த்து ஒரு கூடு. புகையை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சாருக்குப் போகும் நான்கு கம்பிகளில் மூன்று, கத்தரியால் வெட்டியதுபோல் துண்டாகியிருந்தன. ஒவ்வொன்றாகப் பற்றவைத்து, வெப்பம் தாங்கும் உறை போட்டு மூட ஒரு நாள் பிடித்தது. வேதாரண்யம் பக்கத்து உறவினர் சொன்னபடி, காய்ந்த புகையிலையைச் சிறு துணிமூட்டைகளாகக் கட்டிப் பேட்டரியின் அருகில் வைக்கிறேன். பதினைந்து நாளில் நெடி போய்விடும் என்பதால் மாற்றிவிட வேண்டும். டர்போவுக்கோ புகைக்குழாய்க்கோ அருகில் அதை எக்காரணம் கொண்டும் வைக்கலாகாது, தீப்பிடிக்கும். அறுவடைக் காலத்தில் இரவில் பானட்டைத் திறந்தே வைத்து மேலே ஒரு விளக்கையும் எரியவிடுகிறேன். அதன் பின் ஒரு கம்பியும் போகவில்லை.

பங்குனியில் உளுந்துச் செடியைச் சாலையில் பரப்பி, போகிற வண்டிகளை ஏறவிட்டு அடிப்பது நம் ஊர் வழக்கம். இந்தக் காரின் தரை இடைவெளி 155 மி.மீ. மட்டுமே. குடமுருட்டிக் கரைச் சாலையில் ஒருமுறை அப்படிப் பரப்பிய செடிமேல் போய்விட்டேன். வீட்டுக்கு வந்து குனிந்து பார்த்தால், டிரைவ் ஷாஃப்ட்டில் கொடி சுற்றியிருந்தது; சைலன்சர் குழாயின் மேல் ஒரு கற்றை கருகிக்கொண்டிருந்தது. விவசாயிகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. களம் இல்லாதவர்கள் வேறெங்கே போவார்கள்? நான்தான் அந்த மாதத்தில் வேறு சாலையைப் பார்த்துக்கொள்கிறேன். நான்கு பேர் ஏறினால் உயரமான வேகத்தடைகளில் அடிப்பாகம் உரசும் என்பதால், ஆயில் சேம்பருக்கு அடியில் கனமான தகடு ஒன்றும் பொருத்தியிருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் தேங்கும் தெருக்களுக்கு இந்த வண்டியை எடுப்பதே இல்லை.

இப்போது கிடைக்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் இந்த வண்டி உருவான காலத்தில் இல்லாதது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். நம் ஆற்றோர ஊர்களின் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. அதனால் பாதித் தொட்டியோடு வாரக்கணக்கில் நிறுத்தி வைக்காமல் வாரம் ஒருமுறையாவது தஞ்சாவூர் வரை போய்வருகிறேன். பெட்ரோல் போகும் ரப்பர் குழாய்கள் அனைத்தையும் சென்ற ஆண்டு மாற்றிவிட்டோம்.

முதல் ஆண்டுச் செலவு 1.15 லட்சம், இரண்டாம் ஆண்டு 38,000, மூன்றாம் ஆண்டு டயர்கள் நான்கும் சேர்த்து 62,000. பாகங்களுக்கு, ஃபியட்டின் சகோதர நிறுவனமான ஜீப்பின் விற்பனை நிலையங்களின் வழியாகவும், ஃபியட்டின் பழைய லீனியா டி-ஜெட் வண்டிகளைப் பிரித்து விற்போரிடமும் கேட்டு வாங்குகிறேன். லீனியா, புன்டோ இரண்டின் என்ஜினும் ஒரே குடும்பம். காரின் விலையில் ஐந்தில் ஒரு பங்கை முதல் ஆண்டுக்கென்று தனியே எடுத்து வைக்க இயலாதவர்கள் சிறிது காலம் பொறுத்து வாங்குவதே நல்லது என்று என்னிடம் கேட்போரிடம் சொல்கிறேன்.

பெல்ட் மாற்றிய அன்று மெக்கானிக் அண்ணன் பானட்டின் உட்புறத்தில் தேதியையும் 61,412 என்ற எண்ணையும் அதே வெள்ளைப் பெயின்டால் எழுதி வைத்தார். இன்று மீட்டர் 88,000-ஐத் தாண்டியிருக்கிறது. முன்சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்கள் தளர்ந்து, மேடுபள்ளத்தில் ஒரு தட்டல் கேட்கிறது. புதியவை வந்து சேர்ந்துவிட்டன. வரும் புதன்கிழமை கொட்டகைக்குக் கொண்டுபோகிறேன்.