தக்கலையிலிருந்து ராமையன்பட்டிக்கு ஒரு முயலோடு

முயல் வாயைத் திறந்து மூச்சு விட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். காலையில் பார்க்கலாம் என்று வைக்கக் கூடாது. மற்றதை எல்லாம் பொறுமையாகப் படிக்கலாம், இதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முயல் மூக்கால்தான் மூச்சு விடும். நாய்போல நாக்கைத் தொங்கப்போட்டு இளைப்பது அதற்கு வழக்கமில்லை. வாய் திறக்கிறதென்றால் மூக்கு அடைத்துவிட்டது, அல்லது நுரையீரல் திணறுகிறது.

எங்கள் முயலுக்குக் குட்டன் என்று பெயர். வெள்ளை நிறம், இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் எடை. தக்கலைக்குப் பக்கத்தில் இறைச்சிக்காக முயல் வளர்ப்பவரிடம் மகள் ஆசைப்பட்டு வாங்கியது. நம் ஊரில் முயல் என்றால் பாதிப் பேருக்குக் கறி ஞாபகம்தான் வரும், மீதிப் பேருக்குத் தலைமுடி எண்ணெய். "இதுக்கு இவ்வளவு செலவா? கறி வச்சா ஒரு நேரத்துக்குத் தேறுமே" என்று சிரித்த சொந்தக்காரரோடு மகள் இன்றும் பேசுவதில்லை. நானும் சமாதானம் செய்துவைக்கப் போகவில்லை.

முதலில் தும்மல்தான். ஆனி மாதச் சாரல், வீடு முழுக்க ஈரம், யாருக்குத்தான் தும்மல் இல்லை என்று இருந்தோம். அப்புறம் மகள்தான் குட்டனின் முன்னங்கால்களைத் திருப்பிக் காட்டினாள். உள்பக்கத்து ரோமம் கஞ்சி போட்டதுபோல விறைத்து, மஞ்சளாகத் திரிதிரியாக ஒட்டிக் கிடந்தது. மூக்கைத் துடைத்துத் துடைத்து வந்தது அது. முயல் தன்னைத்தானே நக்கிச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் என்பதால் மூக்கில் சளி தெரியாமலே போகலாம், ஆனால் கால் காட்டிக் கொடுத்துவிடும். தும்முகிற முயலின் முன்னங்காலைப் பாருங்கள் என்று இப்போது யார் கேட்டாலும் சொல்கிறேன்.

பக்கத்து கால்நடை மருத்துவர் நல்ல மனிதர். விலா ஏறி இறங்குவதை வைத்து மூச்சை எண்ணினார். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 30 முதல் 60 வரை இருக்கலாமாம். குட்டனுக்கு நூறை நெருங்கியிருந்தது. "நான் பாக்கது மாடு, ஆடு, நாய்தாம்மா. முயலுக்கு மருந்து மாறிப்போனா ஆபத்து. எக்ஸ்ரே எடுக்கணும், திருநெல்வேலிக்குக் கொண்டு போங்க" என்று வெளிப்படையாகச் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் டாக்டர் கிடைப்பது பெரிய விஷயம். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார்: மெடிக்கலில் யாராவது குழந்தைகளுக்கான அமாக்சிசிலின் சிரப் கொடுத்தால் வாங்கவே கூடாது.

அவர் சொன்னபடியே நடந்தது. உப்புத் தண்ணீர் ஆம்பியூல் வாங்கப் போன ஒரு மெடிக்கலில், முயலுக்குச் சளி என்றதும் அதே சிரப்பைத்தான் எடுத்து வைத்தார்கள், எடையைக்கூடக் கேட்கவில்லை. அமாக்சிசிலின் பென்சிலின் வகையைச் சேர்ந்தது. அந்த வகை மருந்து வாய்வழியாகப் போனால் முயலின் குடலில் இருக்கிற நல்ல கிருமிகள் செத்துப்போகும். அந்த இடத்தில் கெட்டது பெருகி விஷம் கக்கும், முயல் கழிந்தே செத்துவிடும். மனிதக் குழந்தைக்கு நல்லதாக இருக்கிற மருந்து இதற்கு எமன்.

திருநெல்வேலியில் ராமையன்பட்டியில் இருக்கும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். நாகர்கோவிலிலிருந்து நெல்லைக்கே 80 கிலோமீட்டர் அளவுக்கு வரும். விடியுமுன் கிளம்பினோம். ஆரல்வாய்மொழி தாண்டினாலே வெயிலின் குணம் மாறிவிடும், முயலுக்கோ வியர்க்காது. உடம்புச் சூட்டைக் காது வழியாகத்தான் வெளியேற்றும், மூச்சுத் திணறுகிற முயல் அந்த வெயிலைத் தாங்காது. காற்றோட்டத்துக்குப் பிளாஸ்டிக் பழக்கூடை, அடியில் துண்டு, மேலே மெல்லிய துணி. முப்பந்தல் காற்றாலைகளைப் பார்க்க எப்போதும் ஜன்னலில் தொங்குகிற மகள் அன்று கூடைக்குள்ளிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அங்கே எக்ஸ்ரே எடுத்தார்கள். நுரையீரலின் கீழ்ப்பக்கம் வெளுத்திருந்தது, நிமோனியா. மூக்குச் சளியைப் பஞ்சில் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று அதில்தான் தெரியும். முடிவு வரும்வரை என்ரோஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைக் கொடுக்கச் சொல்லி, எடை போட்டு அளவு எழுதித் தந்தார்கள். பிறகு வந்த முடிவில் பாஸ்டுரெல்லா மல்டோசிடா என்று இருந்தது. நிறைய முயல்களின் மூக்கில் இந்தக் கிருமி சும்மாவே குடியிருக்குமாம். ஈரம், சூடு, பயம், மூத்திர நெடி என்று ஏதாவது ஒன்றில் முயல் தளர்ந்தால் தலைதூக்கும். "முழுசா ஒழிக்க முடியாதும்மா, அடக்கி வச்சு ஓட்டணும்" என்றார் அங்கிருந்த டாக்டர் அம்மா. அந்த வார்த்தை எனக்கு அப்போது கசந்தது.

அவர் அதிகம் பேசியது மூச்சைப் பற்றியல்ல, வயிற்றைப் பற்றி. மூக்கு அடைத்த முயலுக்கு வாசம் தெரியாது, வாசம் தெரியாவிட்டால் தின்னாது. மெல்லும்போதும் மூக்கால்தான் மூச்சு விட்டாக வேண்டும் என்பதால் தின்பதே அதற்குச் சிரமம். தின்னாமல் கிடந்தால் குடல் நின்றுவிடும். பன்னிரண்டு மணி நேரம் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் அவசரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். நிமோனியாவில் தப்பித்துப் பட்டினியில் செத்த முயல்கள் உண்டு என்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எல்லாரும் புழுக்கை எண்ணத் தொடங்கினோம். உருண்டையாக, பெரிதாக, நிறைய இருந்தால் நல்ல நாள். சிறுத்துக் கறுத்து, மிளகு அளவுக்கு வந்தால் ஆளுக்கொரு பக்கம் ஓடினோம்.

ஊட்டுவதற்கு ஒரு முறை பிடிபட்டது. முதலில் நெபுலைசர். ஆஸ்துமாவுக்காக மாமி வைத்திருந்த மிஷினையே எடுத்தோம். மூடியில் துளை போட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள் குட்டனை உட்காரவைத்து, வெறும் உப்புத் தண்ணீர் ஆம்பியூலைப் புகையாக விட வேண்டும். மாமிக்குப் போடுகிற ஸ்டீராய்டு மருந்தின் மிச்சம் கப்பில் இருக்கக் கூடாது, அது முயலின் எதிர்ப்புச் சக்தியை இறக்கிவிடும். மாமிக்கு மட்டும் இந்த வைத்தியத்தில் நம்பிக்கையே இல்லை. "மக்ளே, இத்திரி தைலம் விட்டு ஆவி பிடிச்சா இளகீரும்" என்று தினமும் பாட்டிலோடு வந்து நிற்பார். அந்த நெடியே மூச்சுக்குழாயை எரிக்கும் என்று டாக்டர் சொன்னதை தினமும் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் மிஷினின் மாஸ்க்கை மாமிக்குத் தனியாக வாங்கிக் கொடுத்தோம், "முயலு மூக்கு வச்சதையா நான் வைக்க?" என்று ஒரு பிரச்சினை கிளம்பியதால்.

புகை விட்டபின் இளகி வழிகிற சளியை ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டு, கொஞ்சம் ஆறவிட்டு, அப்புறம்தான் தீனி. பெல்லட்டை (முயலுக்கான குச்சித் தீவனம்) வெந்நீரில் ஊறவைத்து அரைத்து, வடிகட்டி, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுப்போம். முயலை மல்லாக்கப் படுக்கவைத்து ஊட்டக் கூடாது, உணவு நுரையீரலுக்குப் போய்விடும். நாலு காலும் தரையில் இருக்க, முன்பல்லுக்குப் பின்னால் இருக்கிற இடைவெளியில் பக்கவாட்டாக நுழைத்துச் சொட்டுச் சொட்டாக. விழுங்கியதைப் பார்த்துத்தான் அடுத்த சொட்டு. ஒரு சிரிஞ்சு முடிப்பதற்குள் எனக்கு இடுப்பு போய்விடும். மருந்து கசப்பு, துப்பிவிடும். நுனிவிரல் அளவு மட்டி வாழைப்பழத்தில் குழைத்தால் நக்கிவிடும். அதற்கு மேல் பழம் கொடுத்தால் வயிறு கெடும். தானாகத் தின்ன ஆரம்பித்தது துளசியில்தான். வாசம் தூக்கலான துளசி, புதினா, மல்லி இலை இவைதான் அடைத்த மூக்கிலும் எட்டியதோ என்னவோ.

இடத்தையும் மாற்றினோம். கூண்டு இருந்தது கார் ஷெட்டில், பக்கத்திலேயே ரப்பர் ஷீட் காயப்போடும் புகைக்கூடு. அங்கிருந்து உள்ளறைக்கு வந்தது. மரமில்லிலிருந்து வாங்கி விரித்திருந்த மரத்தூள் போய்த் துவைத்த பழைய பருத்தித் துணி வந்தது. கொசுவத்திச் சுருள், சாம்பிராணி இரண்டும் அந்த அறையில் கிடையாது. மூத்திரத் தட்டு காலை, மாலை இரு வேளையும் கழுவப்படும். நாம் நின்றுகொண்டு முகர்ந்தால் நெடி தெரியாது. குனிந்து, முயல் படுக்கிற மட்டத்தில் மூக்கை வைத்தால்தான் தெரியும், கண் எரியும். மருந்தைவிட இதுதான் அதிகம் உதவியது என்பது என் எண்ணம்.

மருந்து வாரக்கணக்கில் போனது. மூச்சு எண்ணிக்கை இறங்கியது. மறுபடி எடுத்த எக்ஸ்ரேயில் வெளுப்பு குறைந்திருந்தாலும் முழுக்கப் போகவில்லை. ஐப்பசி மழையில் திரும்பவும் தும்மல் வந்தது. ஆனால் சளி தண்ணீராகத்தான் இருந்தது, தீனியும் குறையவில்லை. ஆகவே நெபுலைசரோடு முடிந்தது. வெள்ளையாகவோ மஞ்சளாகவோ கெட்டியானால், தலை ஒரு பக்கம் சாய்ந்தால் உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள். கிருமி காதுக்குப் போனால் அப்படித் தலை சாயுமாம்.

மகளுக்கு இப்போது இன்னொரு முயல் வேண்டும், குட்டனுக்குத் துணையாம். அதற்கும் இவனிடமிருந்து ஒட்டும், அதனிடமிருந்து இவனுக்குப் புதிதாக ஏதாவது வரும் என்று டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார். ஆகவே அந்தப் பண்ணைக்காரரிடம் இப்போது வாங்குவது வேலிமசால் என்ற பசுந்தீவனம் மட்டும்தான். அதையும் கழுவி, ஈரம் உலர்ந்த பிறகே குட்டனுக்கு வைக்கிறோம்.